குணசேகரன் செத்த நாடகம்

கத்தரி வெயில் பிறந்த கையோடு நெடுங்கரைக்குப் பள்ளிக்கூட வேன் வந்தது. உளுந்தும் பயறும் அடித்து முடிந்து, வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த நேரம். குடவாசலிலிருந்து வரும் தார்ரோட்டில் வெறுங்கால் வைக்க முடியாது. அந்த வெயிலில் வெள்ளை பனியனும் நீலத் தொப்பியுமாகப் பிள்ளைகள் இறங்கி, கோஷம் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். கோயிலடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

அந்த வரிசையில் மாலதியின் மகள் குந்தவையும் வந்தாள். சொந்தத் தெருவுக்குள்ளேயே விருந்தாளி மாதிரி, அம்மாவைப் பார்த்தும் பார்க்காதது போல, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். பத்தாவதில் தாலுகாவிலேயே முதலாக வந்ததால் கும்பகோணத்துப் பள்ளி ஒன்று அவளை பீஸ் வாங்காமல் சேர்த்துக்கொண்டது. அங்கே சேவை மன்றம் என்று ஒன்று. கோடை லீவில் ஒரு வாரம் ஏதாவது கிராமத்தில் தங்கி வாய்க்கால் வெட்டுவார்கள், மரம் நடுவார்கள். இந்த வருஷம் எந்த ஊர் என்று மன்றத்தை நடத்தும் சாரங்கபாணி சார் கேட்டபோது, "எங்க ஊருக்கு வாங்க சார்" என்று கையைத் தூக்கியவள் குந்தவைதான்.

முகாமுக்குச் சமையல் மாலதி. ஊரில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நடுநிலைப்பள்ளியின் பின்பக்கம் புங்கமரத்தடியில் செங்கல் கூட்டி, கருவேல விறகு அடுக்கி, விடிவதற்குள் உலை வைத்துவிடுவாள். காலையில் பொங்கலோ உப்புமாவோ. மத்தியானம் பறங்கிக்காய்ச் சாம்பார், மாங்காய் போட்டுக் கீரை, ரசம். டவுன் பிள்ளைகள் முதல் நாள் சோற்றைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. இரண்டாம் நாள் வாய்க்காலில் இறங்கிக் காட்டாமணக்கு வெட்டிவிட்டு வந்ததும் சட்டியை வழித்து வழித்துத் தின்றன. பார்க்க மாலதிக்கு நிறைவாக இருந்தது.

அவள் புருஷன் குணசேகரன் டிராக்டர் டிரைவர். குடவாசல் லியாகத் அலி பாயிடம் வேலை. நடவுக்கு வயலை உழுது சேறடிப்பதில் அவனைப் போல ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் பேர். அந்தப் பேரைக் குடித்தே அழித்தான். வண்டியை வாய்க்காலில் இறக்கினான், பாய் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். போன ஆடியில், யாரும் எதுவும் சொல்லாமல், தானாகத் திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தான். கை நடுங்க, வாந்தியெடுத்து, ராத்திரியெல்லாம் சுவரோடு பேசி, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அதற்கப்புறம் தொடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய் வைத்திருப்பான். அந்த நினைப்பு வரும்போது ஒன்றைக் கடித்துக்கொள்வான். தை அறுப்பு முடிந்ததும் பாய் கூப்பிட்டு, "மேட்டூர் டேம் தொறந்தா குறுவை நடவுக்கு நீதான் ஓட்டணும், குணா. என்னைத் தலைகுனிய வச்சுடாத" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாவியை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

முகாமுக்கும் அவன்தான் கைக்கு உதவி. டிரெய்லரில் தண்ணீர் டிரம் ஏற்றி வந்தான். பிள்ளைகளுக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் தெருவில் விழிப்புணர்வு நாடகம் என்றதும், மின்கம்பத்திலிருந்து லைட்டு இழுத்துக் கட்டியதும், கோரைப்பாயையும் நாற்காலியையும் சுமந்து போட்டதும் அவன்தான்.

நாடகத்துக்கு ஒத்திகை நடந்தபோதெல்லாம் குந்தவை அடுப்படியில் அம்மாவோடு இருந்தாள். சாரங்கபாணி சார் அவளை உணவுக் குழுவில் போட்டிருந்தார்.

"நீ நடிக்கலியாடி?" என்றாள் மாலதி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"சார் வேணாம்னுட்டாரும்மா. அம்மாவுக்கு ஒத்தாசையா இருன்னாரு."

"என்னா நாடகம்?"

"தெரியல. ரோஹிணியும் வெங்கியும்தான் எழுதுறாங்க. சர்ப்ரைஸ்னு சொல்றாங்க."

வகுப்பறைப் பக்கமிருந்து பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. சிரிக்கட்டும், வயசு அப்படி, என்று மாலதி நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வெயில் இறங்கி, தெற்கேயிருந்து காற்று கிளம்பிய பிறகு நாடகம் ஆரம்பித்தது. தெரு நிறைய ஜனம். லியாகத் அலி பாய் முகாமுக்கு அரிசி மூட்டை கொடுத்திருந்ததால் அவருக்குச் சால்வை போட்டு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவருக்குப் பக்கத்தில், தரையில், துண்டை மடித்துப் போட்டுக் குணசேகரன் உட்கார்ந்தான். மாலதி ரவா கிளறிக்கொண்டிருந்தவள், அடுப்பைத் தணித்துவிட்டு ஓரமாக வந்து நின்றாள்.

வெங்கி என்கிற பையன் கைலியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு தள்ளாடி வந்தான். கையில் பாட்டில். தெருவே சிரித்தது.

"ஏய்! யாருன்னு நெனைச்ச? இந்த டிராக்டருக்கு நான்தான்டா ராஜா! நான் சேறடிச்சா வயலு கண்ணாடிடா, கண்ணாடி!"

மாலதிக்குச் சிரிப்பு நின்றது. அது குணசேகரன் சொல்கிற சொல். குடித்த நாளெல்லாம் தெருமுனையில் நின்று அவன் கத்தியது, எழுத்துப் பிசகாமல்.

கூட்டத்தில் யாரோ, "டேய், இது நம்ம குணசேகரன்டா!" என்றார்கள். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. சின்னப்பிள்ளைகள் நாடகத்தை விட்டுவிட்டுக் குணசேகரனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மகள் பள்ளிக்கூடம் போகிற சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் விற்றது. மகள் பரிசு வாங்கும் நாளில் பள்ளிக்கூட வாசலில் வேட்டி அவிழ நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. வாட்ச்மேன் அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது. மதகடியில் விழுந்து கிடந்தவன் வாயை நாய் நக்கியது. நாய் வேஷம் போட்ட பையனுக்கு நல்ல கைத்தட்டு.

மாலதி புருஷனைப் பார்த்தாள். அவன் எழுந்து போகவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிக்கிறபோது உதட்டை மட்டும் இழுத்து, சிரிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். பையிலிருந்து கடலைமிட்டாயை எடுத்து, கடிக்காமல் விரலுக்குள் வைத்து நொறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசிக் காட்சியில் குடிகாரன் ரத்தம் கக்கிச் செத்தான். பெண்டாட்டியாக நடித்த ரோஹிணி அவன் மேல் விழுந்து அழுதாள். இரண்டு பிள்ளைகள் அவளைப் பிடித்து இழுத்து, கழுத்தில் கிடந்த மஞ்சள் கயிற்றை அறுக்கக் கையை வைத்தார்கள். தெரு அடங்கிப்போயிற்று.

"எடுடி கைய!"

மாலதிக்கே தெரியவில்லை, எப்போது நடுவில் வந்து நின்றாள் என்று. கையில் கரண்டி இருந்தது.

"யாருக்குடி அறுக்குற? உக்காந்திருக்காரே, தெரியல? ஆம்பள உசுரோட முன்னால உக்காந்திருக்கப்ப யாருக்குத் தாலி அறுக்குறீங்க?"

ரோஹிணி பயந்து பின்னால் போனாள். செத்துக் கிடந்த வெங்கி எழுந்து உட்கார்ந்தான். சாரங்கபாணி சார் மைக்கோடு ஓடி வந்தார்.

"அம்மா, அம்மா... இது கற்பனை. யாரையும் குறிப்பிடல. பொதுவான விழிப்புணர்வு..."

"பொதுவா? கண்ணாடிடா கண்ணாடிடான்னு எந்த ஊருல சார் பொதுவா சொல்றான்? அந்த மைக்க அணைங்க மொதல்ல!"

"பசங்க ரொம்ப உழைச்சிருக்காங்கம்மா. நல்ல நோக்கத்துலதான்..."

"ஒங்க நோக்கத்துல தீய வைக்க! குடிய விட்டு அந்த ஆளு எந்திரிச்சு உக்காந்திருக்காரு. ஆஸ்பத்திரியில கட்டில்ல கட்டிப்போட்டுக் கெடந்தாரு, அப்ப யாரு வந்தீங்க நாடகம் போட? குடிக்கிறவன் நூறு பேரு இந்தத் தெருவுல இருக்கான், விட்டவன் ஒருத்தன். அவன் மூஞ்சிலதான் சாணியடிப்பீங்களா?"

கூட்டத்தில் சிலர் நழுவினார்கள். ஒருத்தன் போனை உயரத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தான். மாலதி திரும்பிப் பார்த்தபோது குணசேகரன் உட்கார்ந்திருந்த இடத்தில் துண்டு மட்டும் கிடந்தது. ஆற்றுப்பக்கம் போனதாகச் சொன்னார்கள். ஆற்றைத் தாண்டினால் டாஸ்மாக்.

அவள் பின்னால் ஓடவில்லை. அடுப்படிக்குப் போய்க் கரண்டியை அண்டாவில் போட்டாள். "சோறு இருக்கு, உப்புமா இருக்கு. புள்ளைங்கள எடுத்துப்போட்டுத் திங்கச் சொல்லுங்க. நான் பரிமாற மாட்டேன்" என்று சாருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கூட்டத்திலிருந்து அவளுக்கு முன்னால் ஓடி வந்திருந்த குந்தவை, வீட்டில் நீலத்தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவங்களுக்கு எப்புடிடி தெரியும்? சைக்கிளு, வாட்ச்மேனு... எப்புடித் தெரியும்?"

"நான்தாம்மா சொன்னேன்."

மாலதி கையை ஓங்கிவிட்டாள். குந்தவை விலகவில்லை, முகத்தைக் காட்டியபடி அப்படியே இருந்தாள்.

"அடி. ஆனா கேட்டுட்டு அடி. ரெண்டாம் நாளு சார் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சாரு. மனசுல இருக்குறதச் சொல்லுங்க, இந்த ரூம விட்டு வெளிய போவாதுன்னாரு. எல்லாரும் என்னென்னமோ சொன்னாங்க. நாய்க்குட்டி செத்துப்போச்சு, தாத்தா செத்துட்டாருன்னு. நான் இதச் சொன்னேன். எனக்கு வேற என்னா இருக்கு சொல்றதுக்கு?"

"வீட்டு விஷயத்த..."

"எனக்கு நடந்ததும்மா! அந்த சைக்கிளு என்னுது. அந்த கேட்டுக்கு உள்ளார நின்னது நானு. அழுதுக்கிட்டே சொன்னேன். ரோஹிணி என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அவளும் அழுதா. அப்பா இப்ப குடிக்கிறதில்லன்னும் சொன்னேன், அத மட்டும் விட்டுட்டாங்க. விட்டுட்டு, சாவடிச்சுட்டாங்க. நான் அழுதத எடுத்து எல்லாரையும் சிரிக்க வச்சுட்டாங்க."

மாலதியின் கை தானாக இறங்கியது. அடிக்க வேறு யாரும் கிடைக்காமல் தன் தொடையிலேயே ஓங்கி அடித்துக்கொண்டாள்.

விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் குணசேகரன் வந்தான். கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். மாலதி தட்டு வைத்தாள். சோறு போடக் குனிந்தபோது, வேண்டுமென்று இல்லை, பழக்கம், மூக்கு அவன் பக்கம் போயிற்று. ஆற்று மணல் வாசனையும் வியர்வையும்தான். அவன் கவனித்துவிட்டான்.

"ஊதிக் காட்டணுமா?" என்றான்.

"ஏங்க..."

"இல்ல, நீ பாக்குறது நாயம்தான்." ஒரு கவளம் உருட்டி, வாய்க்குக் கொண்டுபோகாமல் தட்டிலேயே வைத்தான். மகள் அந்த வகுப்பறையில் வட்டமாக உட்கார்ந்து சொன்னதுதான் நாடகமாயிற்று என்று மாலதி சொன்னபோதும், அவள் இருந்த அறைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை. மகளும் அறையை விட்டு வரவில்லை.

காலையில் லியாகத் அலி பாய் பைக்கில் வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார். நாடகமும், மாலதி கத்தியதும், ஊரெல்லாம் போனில் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து ஃபேஸ்புக் பக்கத்திலும் நாடகத்தைப் போட்டிருந்தார்கள், "ஒரு உண்மைக் கதை" என்று தலைப்பு வைத்து.

"வயக்காரங்க ரெண்டு பேரு போன் பண்ணிட்டாங்க குணா. வேற டிரைவர அனுப்புங்கங்குறாங்க. அவன் குடிய விட்டு வருஷமாவப்போவுதுன்னு நான் சொல்றேன். சொன்னா, பாத்தமே பாயி, அப்புடியே இருக்குதேங்குறான். நான் என்னா பண்ணட்டும்?"

குணசேகரன் சாவியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தான்.

"இதப் புடுங்க வரல நானு," என்றார் பாய், முகம் கறுத்து. "பேராவூரணில மச்சானுக்குத் தேங்கா லோடு இருக்கு. கொஞ்ச நாளு அங்க ஓட்டு. இந்தப் பேச்சு அடங்கட்டும். சம்பாவுக்கு வந்துடு."

"சரிங்க பாய்."

"இன்னைக்கே போயிடு. பஸ்ஸு பதினோரு மணிக்கு இருக்கு."

அவ்வளவுதான். தையிலிருந்து காத்திருந்த குறுவை 'சரிங்க பாய்' என்கிற இரண்டு சொல்லில் முடிந்தது. மாலதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். பைக் போன பிறகு தலைமுடியை அள்ளி முடிந்தாள். நடுநிலைப்பள்ளிக்கு நடந்தாள்.

அங்கே நிறைவு விழா முடிந்து பிள்ளைகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இன்ஜினைக் கிளப்பியிருந்தான். மாலதி நேராகப் போய் வேனுக்கு முன்னால் நின்றாள்.

"நவுருங்கக்கா," என்றான் டிரைவர்.

"ஏத்து. ஏத்திட்டுப் போ."

சாரங்கபாணி சார் இறங்கி வந்தார். ராத்திரி தூங்காத கண். "வீடியோவ எடுத்துடச் சொல்லிட்டேம்மா. ஆபீஸ் தொறந்ததும் எடுத்துடுவாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, ஸாரி."

"என்கிட்ட எதுக்கு ஸாரி? தூக்கிச் சுமந்து நாற்காலி போட்டாரே, அவருகிட்ட வந்து சொல்லுங்க."

"புள்ளைங்கள அழைச்சுட்டுப் போவணும், லேட்டாயிடும்..."

"ஆவட்டும்."

"இதப் பாருங்க, குந்தவை நல்லா படிக்கிற புள்ள. நம்ம ஸ்கூல் அவளுக்கு எவ்வளவோ பண்ணியிருக்கு. இதப் போயி பெருசாக்கி..."

மாலதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓ. அதுக்கு வெலையா சார் இது? பீஸு இல்லாம படிக்கிற புள்ளையோட அப்பன எடுத்துச் சந்தியில வச்சுக்கலாம்னு இருக்கா? இதையே நான் இப்ப கத்திச் சொல்லட்டுமா, இல்ல கூட வர்றீங்களா?"

வேன் ஜன்னலில் பிள்ளைகளின் முகம். வெங்கி கண்ணில் படாமல் குனிந்துகொண்டான். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி அவள் பின்னால் நடந்தார். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. பார்க்கட்டும் என்று மாலதி வேகத்தைக் குறைத்தே நடந்தாள்.

குணசேகரன் கைப்பையில் இரண்டு கைலியை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். சாரைப் பார்த்ததும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க சார்."

"இல்லங்க, பரவாயில்ல." நின்றபடியே தொண்டையைச் செருமினார். "நேத்து... பசங்க தெரியாம... என் கவனக்குறைவுதான். மன்னிச்சுடுங்க."

"பரவால்ல சார். புள்ளைங்க நல்லாத்தான் நடிச்சாங்க. நடந்ததுதானே. நாலு பேரு திருந்துனா..."

"பரவால்லன்னு சொல்லாத!"

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மாலதி அவனை ஒருமையில் கூப்பிட்டதில்லை. குடித்துவிட்டு அடித்த நாளில்கூட இல்லை. குணசேகரன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான்.

"பரவால்லயா? டிராக்டரு போச்சு, பரவால்லயா? ஊரு சிரிச்சுது, பரவால்லயா? ராத்திரி சோறு எறங்கல ஒனக்கு, நான் பாத்தேன். இந்த ஆளு நிம்மதியா வேன் ஏறிப் போறதுக்கு நீ ஏன் பரவால்லங்குற? இருக்கறதச் சொல்லு!"

குணசேகரன் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினான்.

"வலிச்சுது சார்," என்றான் கடைசியில். பையைக் கீழே வைத்தான். "நான் செஞ்சத காட்டுனதுக்கு இல்ல. செஞ்சேன். சாவடிச்சீங்கல்ல, அது வலிச்சுது. சாவக்கூடாதுன்னுதான் சார் அந்த ஆஸ்பத்திரியில அவ்வளவும் பட்டேன்."

அறைக் கதவு திறந்து குந்தவை வந்தாள். அந்த வெள்ளை பனியனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"வெளிய போவாதுன்னு சொன்னீங்க சார்," என்று அதை அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. குந்தவை அதை நாற்காலியில் வைத்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. இன்னொரு தரம் அடித்தது. சார் தலையைக் குனிந்துகொண்டே படியிறங்கிப் போனார்.

மன்னிப்புக் கேட்டாயிற்று, ஆனால் மாலதிக்கு ஒன்றும் ஆறவில்லை. ஆறவே வேண்டாம் என்றிருந்தது.

குணசேகரன் பையை எடுத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசல் வரைக்கும் போனவன் நின்றான். திரும்பி வந்து, மகளுக்கு எதிரில், தரையில் உட்கார்ந்தான்.

"அவங்ககிட்ட சொன்னத என்கிட்ட சொல்லு," என்றான்.

"என்னாப்பா?"

"அந்த ரூமுல உக்காந்து சொன்னத. அவங்க நடிச்சதப் பாத்துட்டேன். நீ சொல்லி நான் கேக்கல. சொல்லு."

"ஒனக்கு பஸ்ஸுக்கு..."

"அடுத்த பஸ்ஸு இருக்கு."

குந்தவை அம்மாவைப் பார்த்தாள். நாற்காலியில் கிடந்த பனியனைத் தள்ளிவிட்டு மாலதியும் உட்கார்ந்தாள்.

"அங்க சொல்லாதது ஒண்ணு இருக்கு," என்றாள் குந்தவை. சொல்லச் சொல்லக் குரல் தடித்தது, கோபத்தில் மூக்கு விடைத்தது. "நீ குடிச்சுட்டு வந்து விழுவல்ல, அப்பல்லாம் நான் தூங்குனதே கெடையாது. கண்ண மூடிக்கிட்டு, நீ மூச்சு விடுறியா விடுறியான்னு கேட்டுக்கிட்டே கெடப்பேன். நடுவுல ஒரு தரம் நிக்கும். நின்னா நானும் விடாம இருப்பேன். காலையில எந்திரிச்சுப் பரீட்ச எழுதப் போவேன். நீ நல்லாக் கொறட்ட விட்டுத் தூங்கிக்கிட்டு இருப்ப."

குணசேகரன் தலை குனியவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பஸ் வந்து நின்று, யாரையோ இறக்கிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

"இன்னும் சொல்லு," என்றான்.